தாடிக்குள்ளே ஒரு தாடை

பிரஷ் வலது கன்னத்தில் இருந்தது. அது செங்கோட்டுவேலுவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஈரம், குளிர்ச்சி, மயிர் நுனிகளின் குறுகுறுப்பு எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. அங்கிருந்து காதோரம் ஏறி, திரும்பி இறங்கி, எலும்பின் விளிம்புவரைக்கும் வந்த பிரஷ் அதற்கப்புறம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து எதிரே கண்ணாடியில் பார்த்தால், தாடையின் நட்டநடுவில் வட்டம் வட்டமாகச் சுற்றி, கத்தரிக்கோலால் குறைத்த பத்து மாதத் தாடிக்குள் நுரையை ஏற்றிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு அமர்க்களம் நடக்கிறது, சொந்தக்காரனுக்கு ஒரு வார்த்தை சேதி இல்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். பார்த்தால் தெரிகிறது மாதிரி இருக்கும், பார்க்காமல் தெரிந்தால்தான் தெரிந்தது. இது அவனே கண்டுபிடித்து வைத்திருந்த பரீட்சை. பத்து மாதமாக அதில் பெயிலாகிக்கொண்டே வந்தாலும் ஒவ்வொரு தடவையும் பாஸாகிவிடுவோம் என்கிற நப்பாசையோடுதான் கண்ணை மூடுவான். "நாளைக்குக் கல்யாணமுங்களா மாஸ்டர்?" என்று சவரக்கடை மாதேசண்ணன் கேட்டது பின்மண்டைப் பக்கமிருந்து வந்தது. "ஆமாண்ணா. எம்பட மச்சான் மகளுக்கு. சங்ககிரியில." "அதான பாத்தேன். சும்மா இந்தத் தாடிய எடுக்க மாட்டீங்களே." எடுக்க மாட்டான்தான். தாடியோடு கல்யாண வீட்டுக்குப் போனால் எழவு வீட்டிலிருந்து நேராக வந்தவன் மாதிரி இருக்கும், எங்க அண்ணன் மனசு சங்கடப்படும், ஒழுங்கா வழிச்சுட்டு வாங்க என்று மனைவி சாந்தாமணி காலையில் காபி டம்ளரை நீட்டும்போதே சொல்லிவிட்டாள். சொன்னவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தாள். ஏன் டம்ளரைப் பார்த்தாள்? எதையாவது கண்டுபிடித்துவிட்டாளா? இல்லை, டம்ளரில் ஆடை மிதந்திருக்கும். ஆடை மிதந்தால் அவனுக்குப் பிடிக்காது. அவ்வளவுதான், வேறொன்றும் இருக்காது.

திருச்செங்கோட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற ஒருத்தனுக்கு நாற்பத்தாறு வயதில் எதற்குப் புதுத் தாடை என்று கேட்டால், அதற்கு அவனிடம் பதில் இருந்தது. யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. கேட்பதற்கு யாருக்கும் தெரியாதே. பல் ஆபரேஷன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தான். ஆனால் மனசுக்குள் அவன் பலபேருக்குப் பலதடவை பதில் சொல்லியிருக்கிறான். அய்யா, உங்க மூஞ்சியை எல்லாரும் நேராப் பார்க்கிறார்கள். என் மூஞ்சியைப் பார்க்கிறவர்கள் பக்கவாட்டில் பார்க்கிறார்கள். இருபது வருஷமாக இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை விடுங்க, பிரேக்கை மிதிங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், வண்டி ஓட்டப் பழகுகிற அத்தனை பேரும் பயத்தில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்த்தால் அவர்களுக்கு என்ன தெரியும்? மூக்கு தெரியும், மீசை தெரியும், உதடு தெரியும், அதற்குக் கீழே நேராகக் கழுத்து. நடுவே ஒரு சாமான் இருக்க வேண்டிய இடம் காலி. ஹெல்மெட் போட்டால் பட்டை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர் வைத்தார்கள் என்பதை அவன் சாந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை. கொரோனா வந்தபோது ஊரெல்லாம் அழுது அரற்றிக்கொண்டிருக்க, வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள், அவன் உள்ளுக்குள் ஒரு சந்தோஷத்தோடு இருந்தான். முகமூடிக்குள் எல்லாருக்கும் ஒரே தாடை. அப்போது கார் ஓட்டப் பழக வந்த ஒரு பேங்க் அம்மா, "மாஸ்க்கோட பாத்தா நீங்க நல்லா இருக்கீங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்ன அர்த்தமாகிவிட்டது என்று புரிந்து, வண்டியை டிவைடரில் கொண்டுபோய் முட்டினாள். அன்றைக்கு முடிவு பண்ணியதுதான். கோயம்புத்தூருக்குப் போய், வாய்க்குள் வழியாகவே அறுத்து, எலும்பை ஒரு துண்டு முன்னால் தள்ளி, தகடு வைத்துத் திருகி, வெளியே ஒரு கீறல் தெரியாமல் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். வீக்கம் வடிந்த அன்று மத்தியானம் சுவரில் விழுந்த தன் நிழலைப் பார்த்து, திரும்பி நின்று, மறுபடி திரும்பி நின்று, சாந்தாமணி வருகிற சத்தம் கேட்டு விசிறியைத் துடைக்கிறவன் மாதிரி நடித்தான். நிழலில் தாடை இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றுக்குள் ஏதோ துள்ளுகிறது.

துள்ளுகிற சமயம் பார்த்து இடது பக்கம் எறும்பு கிளம்பியது. வா, வா என்றான் மனசுக்குள். அது எறும்பில்லை என்று அவனுக்குத் தெரியும், பத்து மாதப் பழக்கம். முதல் மாதம் ஒன்றுமே இல்லை, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு தடித்துத் தொங்குமே அந்த மாதிரி, அது இறங்கவே இறங்காது என்றால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டாம் மாதம் தண்ணீர். சொட்டுச் சொட்டாகக் கீழுதட்டிலிருந்து தாடைக்கு ஒழுகுகிற மாதிரி இருக்கும், பதறிப்போய்த் துடைத்தால் கை காய்ந்தே இருக்கும். அப்புறம் சோடா. பாட்டிலைத் திறந்தவுடனே மூக்கில் ஏறுமே அந்தப் பொரிபொரிப்பு தோலுக்கடியில் ஓடும், அதுவும் எட்டுப் போட்டுப் பழகும் மைதானத்தில் யாராவது தப்பு தப்பாக ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் ஓடும். நடுவே ஒரு நாள் சுருக்கென்று கரண்ட் அடித்த மாதிரி ஒரு இழுப்பு. ஐயோ என்று கத்தியதில் பழக வந்த பெண் பிரேக்கை மிதித்து அழ ஆரம்பித்துவிட்டது. அவன் உன்னைச் சொல்லலம்மா என்று சமாதானம் செய்துகொண்டே உள்ளுக்குள் சிரித்தான், ஏனென்றால் கரண்ட் அடித்தால் ஒயர் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் அதைத்தான் சொல்லியிருந்தார். நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, அது மெதுவாகத்தான் முளைக்கும், எறும்பு ஊர்ந்தால் சந்தோஷப்படுங்கள், ஒரு வருஷம் பார்க்கலாம், அதற்குள் வருவது வரும். வராதது? அதை அவர் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார். தினமும் பஞ்சு, பல் தேய்க்கிற பிரஷ், ஸ்பூன், ஐஸ்கட்டி என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து, இது பஞ்சு, இது ஐஸ் என்று தோலுக்குப் பாடம் நடத்தச் சொன்னார். ஊருக்கே பாடம் நடத்துகிறவன், தன் தோலுக்கு நடத்த மாட்டானா? வீட்டில் செய்ய முடியாது. வண்டியில்தான் செய்தான். ஒரு நாள் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற கவுண்டர் ஒருத்தர், காரில் தனியாக உட்கார்ந்து காய்ந்த பிரஷால் தாடியைத் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவிங் மாஸ்டரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவர் மகனை வேறு ஸ்கூலில் சேர்த்துவிட்டதாகக் கேள்வி.

வீட்டில் ஏன் செய்ய முடியாது என்றால், வீட்டைப் பொறுத்தவரை அவனுக்கு எல்லாம் சரியாகி ஏழு மாதமாகிறது. இதை நினைத்தால்தான் துள்ளல் நின்று ஒரு மாதிரி ஆகிவிடும். சாந்தாமணிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த ஆபரேஷனில் இஷ்டமில்லை. "நாங் கட்டிக்கிட்டது இந்த மூஞ்சியத்தானுங்க மாமா. எனக்கென்ன கொறை?" என்று கேட்டவள், அவன் பிடிவாதத்தைப் பார்த்து, தாலிக்கயிற்றில் மஞ்சளைப் பூசிக்கொண்டு கூடவே கோயம்புத்தூருக்கு வந்தவள். பொங்கலன்று அவள் அண்ணன் குடும்பமெல்லாம் வந்திருக்க, எல்லாரோடும் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டவனுக்குத் தாடையில் சர்க்கரைப் பொங்கல் ஒரு கைப்பிடி ஒட்டியிருந்தது தெரியவில்லை. நெய் தாடி வழியாக வடிந்து சட்டையில் விழுந்துகொண்டிருக்கிறது, அவன் பாட்டுக்கு லாரி வாடகையைப் பற்றிப் பேசுகிறான். குழந்தைகள் சிரித்தன. சாந்தாமணி முந்தானையால் துடைத்துவிட்டாள், துடைத்ததும் அவனுக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தான். எல்லாரும் போன பிறகு அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்று அவள் அழுதாள். சொன்னாக் கேட்டீங்களா, இருந்ததையும் தொலைச்சுட்டு வந்து நிக்கறீங்களே என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்த முதுகு சொன்னது. தாங்க முடியவில்லை. நாலு நாள் கழித்து, இட்லி தின்றுகொண்டிருக்கும்போது, "ஏய் சாந்தா, வந்துருச்சு" என்று சொல்லிவிட்டான். "நெசமாவா?" "எல்லாம் வந்துருச்சு, சட்னி காரங்கூடத் தெரியுது." அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியில் அவனுக்கே ஒரு நிமிஷம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் பட்ட பாடு! எந்நேரமும் தோளில் துண்டு. மூன்று வாய்க்கு ஒரு தடவை வாயைத் துடைக்க வேண்டும், எதாவது ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும். காபி உதட்டில் பட்டால் ஸ்ஸ் என்று சத்தம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை டீவியைப் பார்த்தபடியே டம்ளரை எடுத்து, ஸ்ஸ், என்ன இப்படிக் கொதிக்குது என்றான், குடித்தால் மோர். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டாள். இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் முகத்திலேயே பொய்யை வைத்துக்கொண்டு திரிவது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத்தான் தெரியும். அவள் பிரியமாக முகத்தைக் கிட்டே கொண்டுவரும் நேரங்களிலும் அவனுக்குப் பாதிதான் கிடைத்தது. மேலுதட்டில் சாந்தாமணி இருந்தாள், கீழுதட்டில் இல்லை. மீதியை அவன் ஞாபகத்திலிருந்து போட்டு நிரப்பிக்கொண்டான். தாடியை எடுக்காததற்கும் அதுதான் காரணம். தாடி இருக்கும்வரை, மயிர் மறைக்கிறது, அதனால்தான் தெரியவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். ஆசைப்பட்டு வாங்கிய தாடையைத் தானே மூடி வைத்திருக்கிறோமே என்று சிரிப்பும் வந்தது, வருஷம் முடிய இன்னும் இரண்டே மாதம் என்ற பயமும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

கத்தி வந்துவிட்டது. கத்தரிக்கோல் முதலிலேயே காட்டை வெட்டிப்போட்டிருக்க, இப்போது பிளேடு மாட்டிய கத்தி வலது கன்னத்தில் சர் சர்ரென்று இறங்க, ஆகா, என்ன சுகம், எத்தனை நாளாச்சு, இதற்காகவே வந்திருக்கலாம் என்று நினைத்த நிமிஷத்தில் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. மாதேசண்ணன் பதினெட்டு வருஷமாகச் சவரம் பண்ணியது பழைய தாடையை. அவர் கண்ணை வைத்தா பண்ணுகிறார்? பேசிக்கொண்டே, ரோட்டில் போகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே, கை தன்பாட்டுக்குப் போகும். அந்தக் கைக்குத் தெரிந்த வழி உதட்டுக்குக் கீழே நேராக உள்ளே மடங்கிக் கழுத்துக்குப் போகிற வழி. இப்போது அங்கே குறுக்கே எலும்பு நிற்கிறது. கத்தி மடங்கப்போகிறது, தாடை மடங்காது. வெட்டினால்கூட அவனுக்குத் தெரியாது, ரத்தம் வந்து கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். சொல்லிவிடலாமா? சொன்னால் ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் நாளைக்குக் கல்யாணத்தில் பிளாஸ்திரியோடு நிற்க வேண்டும். கத்தி இறங்கிக்கொண்டிருந்தது, கன்னத்தின் ஓரத்தில், விளிம்பில், இதோ மறையப்போகிறது, மறைந்துவிட்டது, தொடுகை போய் எலும்புக்குள் சத்தம் மட்டும், தூரத்தில் யாரோ சாக்குப்பையைச் சுரண்டுகிற மாதிரி. "அண்ணா!" என்றான். கத்தி ஏற்கெனவே நின்றிருந்தது. மாதேசண்ணன் விரலால் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "என்னுங் மாஸ்டர், ரோடு மாறிக் கெடக்குது?" சொல்லிவிட்டான். கோயம்புத்தூர், தகடு, திருகு, எல்லாவற்றையும் நுரையோடு சொன்னான். சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். மாதேசண்ணன் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்தார். "நானும் பதினெட்டு வருசமா உங்க மூஞ்சியில கை வெக்கறேன். மனசுல இத்தனை வருத்தம் இருந்துதுன்னு ஒரு நாளும் தோணலீங்களே" என்றார். அப்புறம், "இருங்க, புதுசா ஓட்டிப் பழகறேன்" என்று சொல்லி, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, எல் போர்டு மாட்டிய வண்டி மாதிரி அங்குலம் அங்குலமாகக் கத்தியை நகர்த்தினார்.

நுரை துடைத்துக் கண்ணாடியில் பார்த்தபோது வேறொருத்தன் உட்கார்ந்திருந்தான், நல்ல ஜோரான ஆள். நேராகப் பார்த்தான், வலது பக்கம் திருப்பினான், இடது பக்கம் திருப்பினான். எந்தப் பக்கம் திருப்பினாலும் தாடை கூடவே வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் வெறுந்தோலில் விரலை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தான். விரலுக்குத் தோல் தெரிந்தது, தோலுக்கு விரல் தெரியவில்லை. சரி, இனி மயிரைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவுதான் போல, இது இப்படியே இருக்கும், அழகான பொம்மை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், சாந்தாமணியிடம் சாகும்வரை ஸ்ஸ் என்று நடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று எழுந்திருக்கப் போனவனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார் மாதேசண்ணன். படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, வலது கன்னத்தில் ஒரு இழுப்பு, இடது கன்னத்தில் ஒரு இழுப்பு, தாடையில் குறுக்கே ஒரு இழுப்பு. கன்னம் எரிந்தது, எப்போதும் எரிவதுதான். டவலை எடுக்க நீட்டிய கையை அப்படியே நிறுத்தினான். வேறெங்கோ எரிகிறது. கன்னத்திலில்லை. கீழே. உதட்டுக்குக் கீழே, இடது பக்கம், மிளகாய் விதை அளவுக்கு ஒரே ஒரு இடம், சுள்ளென்று, எறும்பில்லை, சோடா இல்லை, தண்ணீரில்லை, கரண்ட் இல்லை, நல்ல சுத்தமான எரிச்சல். "எரியுது" என்றான். "ஐயோ, வெட்டிப்போட்டனுங்களா?" என்று மாதேசண்ணன் பதறினார். "இல்லீங்ணா, எரியுதுங்ணா! இன்னொருக்காத் தேயுங்க." "மாஸ்டர்?" "தேயுங்கன்னா தேயுங்க. நாங் கண்ண மூடிக்கறேன். எங்க தேய்க்கறீங்கன்னு சொல்லாதீங்க." கண்ணை மூடினான். கல் பட்டது. எங்கே? தெரியவில்லை. மறுபடி. தெரியவில்லை. மறுபடி, அங்கே, அங்கேதான், "அங்கதான்!" என்று கத்தினான். மாதேசண்ணனுக்கு இப்போது விஷயம் விளங்கிவிட்டது, அவரும் குஷியாகிவிட்டார். "இதுங்?" "இல்ல." "இதுங்?" "இல்ல, இல்ல, ஆமா, அங்க, கொஞ்சம் மேல, அங்க!" நாலு தடவையில் மூன்று தடவை சரியாகச் சொன்னான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அது நிஜத் தண்ணீர், கன்னம்வரைக்கும் தெரிந்தது, தாடைக்கு வந்ததும் காணாமல் போனது, போகட்டும், பரவாயில்லை, ஒரு இடத்தில் விளக்கெரிந்துவிட்டது, மற்றது மெதுவாக வரட்டும். மாதேசண்ணன் துண்டால் தன் கண்ணையும் ஒரு தடவை ஒற்றிக்கொண்டார்.

சொல்ல வேண்டும். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். செல்போனை எடுத்துவிட்டான், எடுத்த பிறகுதான் கை தயங்கியது. யாரிடம் சொல்வது? ஊருக்கு இது பல் ஆபரேஷன். டாக்டரிடம் சொன்னால் நல்லது, அடுத்த மாதம் வாருங்கள் என்பார். இந்தச் சந்தோஷம் முழுசாகப் போய்ச் சேர வேண்டிய ஆள் ஒருத்திதான், அவளுக்கு இது ஏழு மாதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது, இட்லியோடு, சட்னியோடு. ஏழு மாதமாக ஏமாற்றினேன் என்று சொல்லாமல் இன்றைக்கு எரிகிறது என்று சொல்ல முடியாது. சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சொல்லாமல் வைத்துக்கொண்டால் இது பாதிச் சந்தோஷம், பாதி பாதியாக வாழ்ந்தது போதும் என்று தோன்றிவிட்டது. திட்டட்டும், அழட்டும், நாளைக்குக் கல்யாணத்தில் பேசாமல் இருக்கட்டும். பொத்தானை அழுத்தினான். "சொல்லுங்க மாமா, வழிச்சாச்சுங்களா?" "சாந்தா" என்றான், "சாந்தா, எரியுது." என்ன எரியுது, எங்கே தீ, வண்டியா என்று கேட்பாள், கேட்டதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தான். ஆனால் சாந்தாமணி ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "உதட்டுலீங்களா, தாடையிலீங்களா?" "ரெண்டுக்கும் நடுவுல. இடது பக்கம்" என்றான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "நெசமாத்தானுங்களே? இந்தவாட்டி நெசந்தானே?" "நெசம் சாந்தா. மாதேசண்ணங்கிட்ட வேணாக் கேளு." "நேத்துக்கூட ஒண்ணுமில்லீங்களே மாமா" என்று அவள் குரல் உடைந்தது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "நீங்க மத்தியானம் கண்ணசர்றப்ப டெய்லியும் தொட்டுப் பாக்கறனே. கன்னத்துல தொட்டாக் கையைத் தட்டி உடுவீங்க, கீழ தொட்டா அப்பிடியே கெடப்பீங்க. எப்ப வரும் எப்ப வரும்னு நானும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தானே கெடக்கறேன்." ஏழு மாதமாக அவன் காருக்குள் ஒளிந்து நடத்திய பரீட்சையை வீட்டில் அவளும் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள், அவனுக்குத் தெரியாமல், அவனைவிட ஒழுங்காக. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். "மூஞ்சியக் கழுவாதீங்க" என்றாள் சாந்தாமணி, "அப்படியே வாங்க, நான் பாக்கணும்." செங்கோட்டுவேலு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினான். "அண்ணா, வீடு போய்ச் சேர்றவரைக்கும் தாங்கற மாதிரி இன்னொரு இழுப்பு அழுத்தி இழுத்து உடுங்க" என்றான்.